ஜெனி ஒரு தடவை திரும்ப வேண்டும்

என் மகள் ஜெனி நான் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அவள் அப்பா கூப்பிட்டால் தெருக்கோடியில் இருந்தாலும் ஓடி வருவாள். போன வருஷம் முழுக்க என் நெஞ்சில் கிடந்த பாரம் இதுதான். இது ஒரு பெரிய துன்பமா என்று சிலருக்குத் தோன்றலாம். பெற்றவளுக்குத்தான் தெரியும். நாலு வயது நிறையாத பிள்ளை அம்மாவை மதிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தொண்டையில் சோறு இறங்காது.

இதை என் சாட்சியாக எழுதித் தருகிறேன். அன்பிய ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று என் வாயால் சொல்ல ஆசைதான். ஆனால் என் குரல் உங்களுக்குத் தெரியும். ஜெனிக்கு ஒரு வயது ஆனபோது எனக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி எடுத்தார்கள். உயிர் பிழைத்தேன், குரல் போய்விட்டது. அப்படியும் ஆகலாம் என்று முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். அதனால் யாரையும் குறை சொல்ல மாட்டேன். அன்றிலிருந்து நான் பேசினால் பாதி சத்தம், பாதி காற்று. மைக்கைக் கையில் கொடுத்தாலும் மூன்றாவது வரிசைக்குப் போகாது. ஆகவே நம் ரோசலின் அக்கா இதை வாசிக்கிறார். நடுவில் அக்கா அழுதால் நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாலே அழுவார்.

என் கணவர் சேவியர் காசிமேட்டில் விசைப்படகில் இன்ஜின் பார்க்கிறார். பதினெட்டு வயதிலிருந்து அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால் அவருக்கு மெதுவாகப் பேச வராது. வீட்டில் உப்பு கேட்டாலே பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டையோ என்று எட்டிப் பார்ப்பார்கள். ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் இரண்டே அறை உள்ள வீடு எங்களுடையது. அதில் அவர் இருக்கும்போது திருவிழா மாதிரி இருக்கும். அவர் கடலுக்குப் போய்விட்டால் என் தையல் மெஷின் சத்தம் மட்டும்தான்.

மீன்பிடித் தடைக்காலத்தில் இரண்டு மாதம் படகுகள் கடலுக்குப் போகாது. போன வருஷம் அந்த இரண்டு மாதமும் ஜெனி அவர் தோள் மேலேயே இருந்தாள். அவர் கூப்பிட்டால் திரும்புவாள், சொன்னதைச் செய்வாள், பாட்டுப் பாடுவாள். நான் கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி விளையாடிக்கொண்டிருப்பாள். "அப்பா செல்லம்" என்று தெருவே சொன்னது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே போய்ப் பாத்திரத்தை டமார் என்று வைப்பேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கட்டின புருஷன் மேலேயே எனக்குப் பொறாமை.

ஜூன் மாதம் தடை முடிந்து அவர் கடலுக்குப் போனார். போனால் திரும்பிவரப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். அவர் போன மறுநாளே ஜெனி ஊமை மாதிரி ஆகிவிட்டாள். கூப்பிட்டால் பதில் இல்லை. பாட்டு இல்லை. டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றுகொள்வாள். பேசின வார்த்தைகளும் முழுசாக வராமல் மழுங்கி வந்தன.

எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தடைக்காலத்தில் அப்பாவோடு ஒட்டிக்கொண்ட பிள்ளைகள் படகு போனதும் ஏங்கிப் போகும். ஏக்கம் என்று சொல்வோம். அதற்கு வைத்தியமும் உண்டு. அப்பா கழற்றிப்போட்ட பனியனைத் துவைக்காமல் பிள்ளையின் தலைக்கடியில் வைப்பது. நானும் வைத்தேன். கோயிலுக்குத் தூக்கிப்போய் ஃபாதரிடம் தலையில் கை வைத்து ஜெபிக்கச் சொன்னேன். பன்னிரண்டாம் நாள் அவர் வந்து சந்து முனையிலிருந்து "ஜெனீ!" என்று ஒரு சத்தம் கொடுத்தார். பிள்ளை பறந்துபோய்க் காலைக் கட்டிக்கொண்டாள். அன்று முழுக்கப் பேச்சும் பாட்டும்தான். பிறகென்ன, ஏக்கமேதான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். நானும் நம்பினேன். காதைப் பற்றி ஒருத்தருக்கும் நினைப்பே வரவில்லை. அப்பா கூப்பிட்டால் வருகிற பிள்ளைக்குக் காது கேட்காது என்று யார் நினைப்பார்கள்?

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் சாட்சி சொன்னால் அது பொய்ச் சாட்சி. அன்று சந்துக்குள் தண்ணீர் லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. ஜெனி நடுவில் குந்தி உட்கார்ந்து கூழாங்கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசலிலிருந்து கத்துகிறேன், கத்துகிறேன். அவள் அசையவே இல்லை. கிளீனர் பார்த்துவிட்டு லாரித் தகரத்தில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். அதற்குத் துள்ளி எழுந்து ஓரமாக ஓடி வந்தாள்.

லாரியைத் தட்டியது கேட்கிறது, நான் கூப்பிட்டது கேட்கவில்லையா? எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ தெரியவில்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் முதுகில் அடித்தேன். ஒரு அடி இல்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே, "நீ கூப்டவே இல்லமா" என்றாள்.

பொய் வேறு சொல்கிறாள் என்று இன்னொன்று வைத்தேன்.

அவள் விசும்பியபடியே தூங்கிவிட்டாள். நான் தையல் மெஷினுக்கு மேலே மாட்டியிருக்கும் மாதா படத்தின் முன்னால் முட்டி போட்டேன். அன்று ஜெபமாலை சொல்ல வரவில்லை, அழுகைதான் வந்தது. "ஆண்டவரே, என் குரலைத் திருப்பிக் கொடுன்னு நான் இதுவரைக்கும் கேட்டதில்லை. வேற ஒண்ணும் கேக்கல. என் சத்தத்துக்கு அவ ஒரு தடவை திரும்பணும். ஒரே ஒரு தடவை. அது போதும் எனக்கு" என்றேன். எனக்கே சரியாகக் கேட்காத குரலில்தான் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து வியாழக்கிழமை நூர் அக்கா வந்தார். வண்ணாரப்பேட்டையிலிருந்து நைட்டித் துணி வெட்டிக் கொண்டுவந்து கொடுத்து, தைத்ததை வாங்கிப் போகிறவர். வாரா வாரம் வியாழன் வருவார். பர்தாவில் முகத்தை மூடிக்கொண்டு வாசலில் நின்று, "ஜெனி கண்ணு, சாப்ட்டியா?" என்று கேட்பார். ஜெனி கண்டுகொள்ள மாட்டாள். உள்ளே வந்து முகத்திரையைத் தூக்கிவிட்டுக் கேட்டால் சிரித்துக்கொண்டு பதில் சொல்வாள். கறுப்புத் துணியைப் பார்த்துப் பிள்ளை மிரளுகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று அக்கா உள்ளே வந்த பிறகும் திரையைத் தூக்கவில்லை. ஜெனிக்கு எதிரிலேயே உட்கார்ந்து, "பிஸ்கட்டு வேணுமா?" என்றார். ஜெனி அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள். திரையைத் தூக்கி அதே குரலில், "பிஸ்கட்டு வேணுமா?" என்றார். "வேணும்" என்று கை நீட்டினாள். இப்படி மூன்று தடவை செய்து பார்த்தார்.

"இன்னாக்கா வெளாட்டு இது?" என்றேன்.

"வெளாட்டு இல்ல ஸ்டெல்லா. மூஞ்ச மூடிகினு கேட்டா இவளுக்கு வெளங்கல. தொறந்துட்டுக் கேட்டா வெளங்குது. பாத்தியா நீ?"

"துணியப் பாத்து பயந்துக்கறாக்கா."

"பயப்படற புள்ள என் மடில வந்து குந்துமா? இவ காதால கேக்கலடி. என் வாயப் பாத்துதான் கேக்கறா. எங்க ரெண்டாவது பையன் இப்டித்தான் இருந்தான். காதுக்குள்ள நீரு கோத்துகினு இருந்துச்சு. டியூபு வச்சாங்க, இப்ப நல்லாத்தான் கீறான். நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாள் முழுக்க நான் மெஷினில் சுவர்ப்பக்கம் திரும்பித்தான் உட்கார்ந்திருப்பேன். முதுகைக் காட்டிக்கொண்டு, பாதி காற்றாக வரும் குரலில் கூப்பிடுவேன். பிள்ளைக்கு என் வாயும் தெரியாது, சத்தமும் வராது. அவள் அப்பா குரல் மட்டும்தான் அந்தக் காதைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது. "நீ கூப்டவே இல்லமா" என்று சொன்னாளே, அவளைப் பொறுத்தவரை அது சத்தியம். உண்மையைச் சொன்னதற்கு நான் அடித்திருக்கிறேன். நூர் அக்கா தோளில் சாய்ந்து அப்படி அழுதேன். ஜெபம் பண்ணின மூன்றாவது நாள் அது.

அரசு ஆஸ்பத்திரியில் காது மூக்குப் பிரிவில் காலையிலேயே போய் வரிசையில் நின்றோம். ஒரு சின்ன வயது டாக்டரம்மா. காதில் காற்றை அழுத்திப் பார்க்கிற ஒரு மெஷின் வைத்தார்கள். நல்ல காது என்றால் காகிதத்தில் மலை மாதிரி கோடு ஏறி இறங்குமாம். ஜெனிக்கு இரண்டு காதிலும் கோடு படுத்தே கிடந்தது.

"செவிப்பறைக்குப் பின்னாடி பிசின் மாதிரி நீர் தேங்கியிருக்கும்மா. காது செவிடு இல்ல. சத்தம் உள்ள போக வழியில்லாம இருக்கு. தண்ணிக்குள்ள முங்கிட்டு இருக்கிறப்போ மேல பேசறது எப்படிக் கேக்கும், அப்படித்தான் இவளுக்குக் கேக்குது" என்றார். பாதிப் பிள்ளைகளுக்கு அது தானாகவே வடிந்துவிடுமாம். மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்போம், வடியாவிட்டால் சின்னதாக ஒரு ஆபரேஷன் பண்ணி டியூப் வைப்போம் என்றார்.

ஆபரேஷன் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் கை தானாகக் கழுத்துத் தழும்புக்குப் போனது. என் குரலை ஒரு ஆபரேஷனுக்குக் கொடுத்துவிட்டு வந்தவள் நான். பிள்ளையை மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைக்க எனக்கு மனசு எப்படி வரும்? கத்தி படாமல் வடிந்துவிட வேண்டும் என்று அன்றே வேண்டிக்கொண்டேன். ஒன்பது வாரம் புதன்கிழமை நவநாள் ஜெபத்துக்கு ஒன்று விடாமல் போனேன்.

அதோடு நிற்காமல் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். திருத்தலத்திலிருந்து கொண்டுவந்த மந்திரித்த எண்ணெயைச் சூடு பண்ணி ஜெனியின் காதில் ஊற்றினேன். பிள்ளை வலியில் துடித்தாள். ஃபாதர் காதுக்குச் செய்தி போய், பூசை முடிந்ததும் கூப்பிட்டு விட்டார். "ஸ்டெல்லா, அந்த எண்ணெய் நெத்தியில பூசறதுக்கும்மா. காதுல ஊத்தறதுக்கு இல்ல. கடவுள் உனக்கு டாக்டரக் காட்டினா, நீ சமையக்கட்டப் பாத்து ஓடறியே" என்றார். பக்கத்தில் நின்ற பாடகர் குழுப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அக்டோபரில் மறுபடி பார்த்தார்கள். கோடு அப்படியே படுத்துக் கிடந்தது. டாக்டரம்மா டியூபை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கேழ்வரகு அளவுதான், நடுவில் ஊசி முனை மாதிரி ஓட்டை. இதற்கா இவ்வளவு பயம் என்று நினைத்தேன், ஆனாலும் பயம் போகவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெஞ்சில் எல்லாமே என்னை மாதிரிப் பெற்றோர்கள்தான். எண்ணூரிலிருந்து வந்த ஒரு அம்மா, பையனுக்கு இரண்டாவது தடவை டியூப் வைக்க வந்திருந்தார். முதலில் வைத்தது சீக்கிரமே விழுந்து நீர் மறுபடி கட்டிவிட்டதாம். திருவொற்றியூர்க்காரர் ஒருவர், அப்பா, மகளுக்கு டியூப் வைத்த பிறகு காதில் சீழ் வந்ததையும், சொட்டு மருந்து விட்டு நின்றதையும் சொன்னார். ஒருத்தரும் எல்லாம் சுலபம் என்று சொல்லவில்லை. "அப்ப எதுக்குங்க வச்சீங்க?" என்று கேட்டேன். அந்த அப்பா சொன்னார்: "டியூபு வச்ச மறாநாளு செவுத்துல பல்லி கத்துச்சு. எம்பொண்ணு நிமிந்து பாத்துச்சு. அத்தப் பாத்ததுக்கு அப்பால இன்னா வந்தாலும் பரவால்லன்னு தோணிச்சு."

அந்த ஞாயிறு பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஃபாதர் சடங்கில் குழந்தையின் காதையும் வாயையும் பெருவிரலால் தொட்டு, இது திறக்கட்டும் என்று ஜெபித்தார். ஜெனிக்கும் அப்படித்தான் தொட்டார்கள், நான்தான் கையில் ஏந்தி நின்றேன். ஆண்டவர் காது கேளாத ஒருவனைத் தனியே கூட்டிப்போய் அவன் காதுக்குள் விரலை விட்டுச் சுகம் கொடுத்தார் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். தூரத்தில் நின்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலே போதும் அவருக்கு. ஆனாலும் உள்ளே விரலை விட்டார். அப்படியிருக்க, என் பிள்ளை காதை ஒருத்தரும் தொடாமல் சுகமாக்கு என்று நான் பிடிவாதம் பிடிக்கிறேனே என்று அங்கே நிற்கும்போதே தோன்றியது. திங்கட்கிழமை போய்ச் சரி என்று சொல்லிவிட்டேன். வருகிற புதன்கிழமைக்கு அடுத்த புதன், காலை ஒன்பது மணி என்றார்கள்.

அவர் கடலில் இருந்தார். வந்து சேரும் நாள் நிச்சயமில்லை. சொல்லாமல் கையெழுத்துப் போட எனக்கு மனசில்லை. காசிமேட்டில் படகு முதலாளியின் ஷெட்டில் வயர்லெஸ் செட் இருக்கிறது. கடலில் உள்ள படகுகளோடு அதில்தான் பேசுவார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் மணி அண்ணனிடம் போய் நின்றேன். இதற்குள் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஜெனிக்குக் காது கேட்கவில்லை என்பதை நான் என் கணவரையும் நூர் அக்காவையும் ஃபாதரையும் தவிர யாரிடமும் சொல்லவில்லை. எண்ணெய் விஷயம் கசிந்தபோதும் காதுவலி என்று சொல்லி மூடிவிட்டேன். செவிட்டுப் பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டால் பெண் பிள்ளைக்கு அந்தப் பெயர் கல்யாணம் வரைக்கும் ஒட்டிக்கொண்டு வரும் என்று பயம்.

மணி அண்ணனிடம் மட்டும் வேறு வழியில்லாமல் விவரத்தையெல்லாம் காதோரமாகச் சொன்னேன். அவர் மைக்கை என்னிடம் கொடுத்தார். "ஜெனிக்குப் புதன்கிழமை ஆபரேஷன், உங்களுக்குச் சம்மதமா?" என்றேன்.

அந்தப் பக்கத்தில் கொரகொர என்று இன்ஜின் சத்தம். அதற்குள் அவர் குரல். "யாருபா அது? வெறும் காத்துதான் வருது! மணி, செட்டு புட்டுகிச்சா?"

மறுபடி சொன்னேன். "இன்னா? இன்னா?" என்கிறார். இவருக்குக் காது மந்தம், எனக்குக் குரல் இல்லை, நடுவில் இன்ஜின். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மணி அண்ணன் மைக்கைப் பிடுங்கி, ஷெட்டுக் கூரை அதிரக் கத்தினார்.

"டேய் சேவியரு! பேசறது உன் பொஞ்சாதிடா! பாப்பாவுக்கு ரெண்டு காதும் சரியாக் கேக்கலியாம்! உள்ள டியூபு வச்சு ஆபரேஷன் பண்ணப் போறாங்களாம்! பொதன்கெயம ஒம்போது மணிக்கு! நீ இன்னா சொல்ற?"

முடிந்தது. அந்த அலைவரிசையில் இருந்த அத்தனை படகுகளுக்கும் விஷயம் போய்விட்டது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் படகு தூரத்தில் இருந்ததால் பதில் விட்டு விட்டு வந்தது. நடுவில் இருந்த வேறொரு படகுக்காரர் கேட்டுச் சொன்னார்: "சேவியரு இன்னா சொல்றான்னா, புள்ளகூட கீறவ அவதான், அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். தைரியமா கையெயுத்துப் போடச் சொல்றான்."

நான் எழுந்திருக்கப் போனேன். செட்டில் இன்னொரு குரல் வந்தது. "எத்தினி மணின்னு சொன்ன மணி? ஒம்போதா? நம்ம போட்டுல அல்லாரும் அந்நேரத்துக்கு வேண்டிக்கறோம்னு அந்தப் பொண்ணாண்ட சொல்லு." பிறகு இன்னொரு படகு: "வல இழுக்கறத அப்பால பாத்துக்கலாம், நாங்களும் ஜெபமால சொல்றோம்." அதற்குப் பின்னால் ஒரு கரகரத்த குரல்: "நான் எல்லையம்மனாண்ட சொல்லிக்கறேன்மா, பரவால்லியா?" மணி அண்ணன் என்னைப் பார்த்தார். பரவாயில்லை அண்ணா, சொல்லச் சொல்லுங்க என்று தலையாட்டினேன். என் வெட்கமெல்லாம் அந்த ஷெட்டிலேயே கரைந்துபோனது. நான்கு மாதம் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்த பாரத்தை யார் யாரோ வந்து கை கொடுத்துத் தூக்கின மாதிரி இருந்தது.

புதன்கிழமை காலை ஜெனியைப் பச்சைத் துணி மாட்டி உள்ளே கொண்டுபோனார்கள். கதவு வரைக்கும் என் விரலைப் பிடித்திருந்தாள். நூர் அக்கா வேலையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து உதடு அசைய ஓதிக்கொண்டிருந்தார். நான் ஜெபமாலையைக் கையில் வைத்திருந்தேன், ஒரு மணிகூட விரலில் நகரவில்லை. மயக்கத்திலேயே ஏதாவது ஆகிவிட்டால்? எழுந்த பிறகு என்னை மாதிரிப் பேச்சு போய்விட்டால்? சுவரில் கடிகாரம் ஒன்பது காட்டியது. அப்போது கடலில் இருக்கிறவர்களை நினைத்தேன். அதன் பிறகுதான் மூச்சு சீராக வந்தது. உண்மையாகச் சொல்கிறேன், பயம் போய்விட்டது. அரைமணி நேரம்கூட ஆகவில்லை, டாக்டரம்மா வெளியே வந்து, "கெட்டியா இருந்ததும்மா, எல்லாம் எடுத்தாச்சு. ரெண்டு காதுலயும் டியூப் வச்சாச்சு" என்றார். அவருக்குப் பின்னாலேயே ஜெனியின் அழுகைச் சத்தம் கேட்டது. பிள்ளை அழுவதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆனால் நான் அவளைக் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. தைரியம் வரவில்லை. கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் அதைத் தாங்க என்னால் முடியாது. அன்றும் மறுநாளும் முகத்துக்கு நேரே போய் நின்றுதான் பேசினேன். பிளாஸ்டிக் பை கசங்கினால் மிரண்டாள். ஃபேனைப் பார்த்து, "அது இன்னா சத்தம்?" என்றாள். குழாயில் சொட்டுகிற தண்ணீருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். எல்லாம் நல்ல அடையாளம்தான். இருந்தாலும் என் குரல் வேறு. அது மற்ற சத்தங்களில் சேர்த்தியா என்ற பயம் எனக்கு.

வெள்ளிக்கிழமை மத்தியானம். ஜெனி எனக்குப் பின்னால் தரையில் கூழாங்கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல் சுவர்ப்பக்கம் திரும்பி மெஷினில் உட்கார்ந்திருந்தேன். நூல் அறுந்துவிட்டது. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே மாதா படத்தைப் பார்த்தேன். மனசு நிறைந்து, உதட்டுக்குள்ளேயே, "நன்றி ஆண்டவரே, நன்றி மாதாவே, பிள்ளையப் பத்திரமாக் கொடுத்தீங்களே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து ஜெனி கேட்டாள்: "யார்கிட்டமா பேசற?"

என் கையில் ஊசி அப்படியே நின்றுவிட்டது. நான் கூப்பிடவே இல்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். கல்லைக் கையில் வைத்துக்கொண்டு என் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"சாமிகிட்ட பேசறேன் கண்ணு."

"இவ்ளோ மெதுவாவா? அவருக்குக் கேக்குமா?"

"கேக்கும் ஜெனி. கேட்டுச்சு" என்றேன். இறங்கிப்போய் அவளை அள்ளிக்கொண்டேன். அன்று அடித்த முதுகில் எத்தனை முத்தம் கொடுத்தேன் என்று தெரியாது. அவள் கூசுகிறது என்று சிரித்தாள்.

ஒரே ஒரு தடவை என் சத்தத்துக்குத் திரும்ப வேண்டும் என்றுதான் கேட்டேன். என் வாயைப் பார்க்காமல் அவள் காதில் முதலில் விழுந்த என் சத்தம் நான் செய்த ஜெபமாக இருக்கும் என்று நான் கேட்கவில்லை. அது ஆண்டவராகக் கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். வழக்கம்போல் சந்து முனையிலிருந்தே "ஜெனீ!" என்று ஒரு சத்தம். பிள்ளை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, "ஐயோப்பா, கத்தாத!" என்றாள். அந்த மனுஷன் சந்து நடுவிலேயே நின்று அழுதார். இருபது வருஷம் கடலில் கிடந்தவர், தெருவே பார்க்க அழுதார்.

அன்று சாப்பிடும்போது அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் நெஞ்சில் நிற்கிறது. "பொதன்கெயம ஒம்போது மணிக்கு இன்ஜின ஆஃப் பண்ணிட்டேன் ஸ்டெல்லா. பக்கத்துல இருந்த போட்டும் ஆஃப் பண்ட்டாங்க. அல்லாரும் தளத்துல வந்து முட்டி போட்டோம். நடுக்கடல்ல இன்ஜின் ஓடாத நான் இருந்ததே இல்ல. சத்தமே இல்ல. அப்பதான் தெரிஞ்சுது, என் காதுக்குள்ளயும் உய்யுனு ஒண்ணு நிக்காத கத்திகினே கீது." அவரையும் அதே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். போன காது திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றுங்கள் என்றார்கள். இப்போது காதுமூடி மாட்டிக்கொண்டுதான் இன்ஜின் பக்கம் போகிறார். வீட்டில் மெதுவாகப் பேசப் பழகுகிறார். அது இன்னும் பாதிதான் வந்திருக்கிறது.

நடுவில் ஒரு தடவை ஜெனிக்கு இடது காதில் சீழ் வந்தது. பெஞ்சில் கேட்டது ஞாபகம் இருந்ததால் பதறாமல் போய்ச் சொட்டு மருந்து வாங்கினோம். குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சை வைத்துக் காதை அடைக்கிறேன். கடலில் இறங்க விடுவதில்லை. கடல்காரன் மகள் கரையில் நின்று அலையைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். போன மாதம் இடது காது டியூப் தானாகவே விழுந்து தலையணையில் கிடந்தது. அதை எடுத்துத் தீப்பெட்டியில் வைத்து மாதா பாதத்தில் கொண்டுபோய் வைத்தேன். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில் பிள்ளை, ஜெபமாலை மணி உடைந்து கிடக்கிறது என்று பெருக்கப் போனாராம். மெஷினில் மறுபடி பார்த்தார்கள். அந்தக் காதில் கோடு மலை மாதிரி ஏறி இறங்கியது. வலது காதில் டியூப் இன்னும் இருக்கிறது. அதற்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள்.

என் தையல் மெஷினை இப்போது சுவர்ப்பக்கம் போடுவதில்லை. திருப்பிப் போட்டுவிட்டேன். பிள்ளையைப் பார்த்துக்கொண்டேதான் தைக்கிறேன். அன்றிலிருந்து அவளை ஒரு தடவைகூட அடித்ததில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற அம்மாமார்களே, அப்பாமார்களே, கூப்பிட்டால் பிள்ளை திரும்பவில்லை என்றால் கையை ஓங்காதீர்கள். அப்பா ஏக்கம், திமிர், செல்லம் என்று பெயர் வைக்காதீர்கள். முதலில் காதைக் காட்டுங்கள். ஜெபமும் பண்ணுங்கள், ஆஸ்பத்திரிக்கும் போங்கள். வெட்கப்பட்டு மூடி வைக்காமல் நாலு பேரிடம் சொல்லுங்கள், அவர்களும் உங்களுக்காக இன்ஜினை நிறுத்துவார்கள். எனக்குச் சத்தம் போட்டு ஜெபிக்கத் தெரியாதே, கூட்டத்தில் என் குரல் எடுபடாதே என்று இங்கே யாராவது பின்னால் உட்கார்ந்திருந்தால் உங்களுக்காகத்தான் இதை எழுதினேன். என்னுடைய குரலைவிடச் சின்னக் குரல் இந்தக் கோயில் பங்கில் யாருக்கும் இல்லை. அது கேட்கப்பட்டது.